வெள்ளைப்படுதலும் 4.5 என்ற எண்ணும்

வெள்ளைப்படுகிறது என்று மருந்துக் கடையில் சொன்னால், பல ஊர்களில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே நான்கு மாத்திரைகள். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்று, கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒன்று, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணிக்குமாகச் செக்னிடசோல் 1 கிராம் இரண்டு. எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்டுவிடும் என்ற கணக்கு. சில நேரம் கேட்கவும் செய்யும். ஆனால் மூன்று மாதத்தில் அதே தொல்லையோடு அதே கடை வாசலுக்கு வந்து நிற்கும் பெண்கள் ஏராளம்.

அரசு மருத்துவமனைகளில் பச்சை நிற உறையில் தரும் இரண்டாம் எண் மருந்துத் தொகுப்பிலும் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்தே இருக்கின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வக வசதி இல்லாத இடத்தில், பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதற்காக வகுத்த முறை அது. சிக்கல், பக்கத்துத் தெருவிலேயே நுண்நோக்கி இருக்கும் நகரங்களிலும் யாரும் பார்க்காமலே மருந்து கொடுப்பதுதான். புளிப்பின் அளவைக் காட்டும் ஒரு பிஎச் தாளும் நுண்நோக்கியில் வைக்க ஒரு கண்ணாடிச் சில்லும் இருந்தால் பெரும்பாலான நேரம் விடை கிடைத்துவிடும்.

யோனிக்குள் இருக்கும் புளிப்பு

1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், ஆரோக்கியமான பெண்களின் யோனித் திரவத்தில் கம்பு வடிவப் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதையும், அவை அமிலம் உண்டாக்குவதையும் எழுதினார். இன்று அவற்றை லாக்டோபேசில்லஸ் என்கிறோம். வேலை நடக்கும் விதம் இது: ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யோனிச் சுவரின் செல் அடுக்கைத் தடிக்க வைத்து, செல்களுக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்க்கிறது. செல்கள் உதிரும்போது அந்த மாவுச்சத்து வெளியே வருகிறது. அமைலேஸ் நொதி அதைச் சிறு சர்க்கரைகளாக உடைக்கிறது. லாக்டோபேசில்லஸ் அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. தோசை மாவு புளிப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். இதனால் பிஎச் 3.8க்கும் 4.5க்கும் இடையில் நிற்கிறது (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). அந்த அளவில் லாக்டிக் அமிலமே பல கெட்ட பாக்டீரியாக்களைக் கொல்லும். இந்தப் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் காவல் என்று முன்பு நம்பினார்கள். ஆக்சிஜன் குறைந்த அந்த இடத்தில் அதன் பங்கு சொற்பம் என்று பின்னர் தெரிந்தது.

இந்த ஏற்பாடு மனித இனத்துக்கே உரியது. மற்றப் பாலூட்டிகளில், குரங்குகள் உட்பட, யோனியில் லாக்டோபேசில்லஸ் மிகக் குறைவு, பிஎச்சும் கூடுதல். எலியில் வேலை செய்தது என்று விளம்பரத்தில் போடும் யோனி மருந்துகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா லாக்டோபேசில்லஸும் ஒரே தரம் அல்ல. 2011இல் ஜாக் ராவெல் குழுவினர் வட அமெரிக்காவில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த 396 பெண்களின் யோனி மாதிரிகளில் பாக்டீரியாக்களின் மரபணு வரிசையைப் படித்து, ஐந்து வகைக் கூட்டங்களாகப் பிரித்தார்கள். நான்கில் ஒவ்வொரு லாக்டோபேசில்லஸ் இனம் ஆட்சி செய்கிறது: கிரிஸ்பேட்டஸ், காசெரி, ஐனர்ஸ், ஜென்சினி. மீதி ஒன்றில் லாக்டோபேசில்லஸ் குறைந்து, காற்றில்லாமல் வாழும் பல பாக்டீரியாக்கள் கலந்து கிடக்கின்றன. அந்த ஐந்தாவது கூட்டத்தோடு, எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழும் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். ஆகவே காசு கட்டி மரபணு வரிசைச் சோதனை செய்து, 'உங்கள் நுண்ணுயிர்க் கூட்டம் மோசம்' என்று காகிதம் வந்தால், அந்தக் காகிதத்துக்கு மருந்து சாப்பிட வேண்டியதில்லை.

கிரிஸ்பேட்டஸ் இருந்தால் நிலைமை பெரும்பாலும் உறுதி. ஐனர்ஸ் அப்படி இல்லை. அதன் மரபணுத் தொகுதி கிரிஸ்பேட்டஸினுடையதில் ஏறத்தாழப் பாதி அளவுதான். லாக்டிக் அமிலத்தின் இரண்டு வடிவங்களில் அதிகப் பாதுகாப்புத் தருவதாகக் கருதப்படும் டி வடிவத்தை அது உண்டாக்குவதில்லை. நல்ல கூட்டத்திலும் இருக்கும், கெட்ட கூட்டத்திலும் இருக்கும். இடம் மாறும் காலத்தில் முதலில் வந்து உட்காரும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்தைச் சாப்பிட்டு முடித்ததும் பெரும்பாலும் தலைதூக்குவது ஐனர்ஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பாக்டீரியாக்களால் வரும் நோய் திரும்பி வருவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

மூன்று கோளாறுகள்

நாளொன்றுக்கு 1 முதல் 4 மில்லிலிட்டர் வரை வெள்ளையாகவோ நிறமில்லாமலோ வெளிப்படுவது இயல்பு. கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும், கர்ப்பத்தில் அளவு கூடும். உடல் உருகி வெள்ளையாகப் போகிறது, எலும்பு கரைகிறது என்ற பயம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. 2005இல் வெளிவந்த ஒரு கோவா ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களின் புகாரோடு தொற்றுகளுக்கு இருந்த தொடர்பு வலுவில்லாமல் இருந்தது. மனச்சோர்வும் உடம்பெங்கும் விளக்க முடியாத வலியும் அசதியும்தான் அதோடு வலுவாகச் சேர்ந்து வந்தன. வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்ணிடம் தூக்கம் எப்படி இருக்கிறது, வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பதும் பரிசோதனையின் ஒரு பகுதி என்பேன்.

நோயாக வருவதில் முதலிடம் பாக்டீரியல் வெஜினோசிஸுக்கு. சுருக்கமாக பி.வி. மைசூரில் இளம் பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இருந்தது. லாக்டோபேசில்லஸ் விலகிய இடத்தில் கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, அட்டோபோபியம் என்று ஒரு கூட்டமே குடியேறுகிறது. சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், பால்போல் மெல்லியதாகச் சுவரில் ஒட்டி வழியும். மீன் நாற்றம் அடிக்கும். உடலுறவுக்குப் பிறகும் மாதவிடாயின்போதும் கூடும். விந்தும் ரத்தமும் காரத்தன்மை உள்ளவை. பிஎச் ஏறியவுடன் இந்தப் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய அமீன்கள் ஆவியாகி மூக்கை எட்டுகின்றன, அவ்வளவுதான். சுத்தக் குறைவுக்கும் இந்த நாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. அரிப்பும் சிவப்பும் பொதுவாக இருக்காது.

1955இல் அமெரிக்காவில் கார்ட்னரும் டியூக்ஸும், இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒரு காரியம் செய்தார்கள். கார்ட்னெரெல்லாவைத் தனியாக வளர்த்து 13 பெண்களின் யோனியில் வைத்தார்கள். ஒருவருக்கு மட்டுமே நோய் வந்தது. நோயுள்ள பெண்களின் திரவத்தை அப்படியே 15 பேருக்கு வைத்தபோது 11 பேருக்கு வந்தது. ஒரு கிருமியைப் பிடித்துக் கொன்றால் தீரும் நோயல்ல இது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது, கேண்டிடா பூஞ்சை. தயிர்த் திப்பி போல, நாற்றமில்லாமல், கடும் அரிப்போடு வரும். இங்கே லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், பிஎச் 4.5க்குள்ளேயே நிற்கும். அமிலத்துக்குப் பூஞ்சை அஞ்சுவதில்லை. 'பிஎச்சைச் சரிசெய்யும்' களிம்பு பூஞ்சைக்குப் பயன்படாததற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, டிரைக்கோமோனாஸ். பாலுறவில் பரவும் ஒட்டுண்ணி. மஞ்சள் பச்சை நிறம், நுரை, எரிச்சல், பிஎச் 4.5க்கு மேல்.

அரிப்பு வந்தாலே பூஞ்சை என்று முடிவுகட்டுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடையில் தாங்களே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தபோது, பூஞ்சை மட்டுமே இருந்தது மூவரில் ஒருவருக்குத்தான்.

பிஎச் பார்ப்பது எப்படி

1 முதல் 14 வரை காட்டும் சாதாரண பிஎச் தாள் வேண்டாம். 4க்கும் 5க்கும் நடுவில் அது எதையும் சொல்லாது. சுமார் 4 முதல் 7 வரை, 0.3 அல்லது 0.5 படியில் நிறம் மாறும் குறுகிய அளவுத் தாளை வாங்குங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான பஞ்சுக் குச்சியை உள்ளே ஏறக்குறைய ஒரு விரல் நீளம் செலுத்தி, பக்கச் சுவரில் உருட்டி எடுத்து, தாளில் தேய்க்க வேண்டும். குச்சியைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஆழமாகச் செலுத்திக் கருப்பைவாயைத் தொட்டுவிட்டால், அங்கே உள்ள சளியின் பிஎச் 7க்குப் பக்கத்தில் இருப்பதால் பொய்யாக ஏறிக் காட்டும். தாள் ஈரமாக இருக்கும்போதே அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

மாதவிடாய் நாட்களிலும், உடலுறவு கொண்ட மறுநாள் வரையிலும், உள்ளே ஜெல், களிம்பு, மாத்திரை வைத்திருக்கும்போதும் பார்ப்பதில் பயனில்லை. இந்த எண் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதுக்கு மட்டுமே பொருந்தும். பருவமடையாத சிறுமிக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் பிஎச் இயல்பாகவே 4.5ஐத் தாண்டியிருக்கும்.

தொல்லை இருந்து பிஎச் 4.5 அல்லது கீழே என்றால் பி.வி.யும் டிரைக்கோமோனாஸும் இருக்கும் வாய்ப்பு குறைவு. பூஞ்சையையோ தோல் ஒவ்வாமையையோ யோசிக்கலாம். மேலே என்றால் பூஞ்சை மருந்தை வாங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பிஎச் தாள் நோயின் பெயரைச் சொல்லாது. தப்பான மருந்தைத் தடுக்கும்.

மருத்துவரிடம் பி.வி.யை உறுதிசெய்ய, 1983 முதல் இருக்கும் ஆம்செல் அளவுகோல் போதும். நான்கில் மூன்று இருந்தால் பி.வி.: மெல்லிய, ஒரே சீரான திரவம், பிஎச் 4.5க்கு மேல், 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் நாற்றம், நுண்நோக்கியில் ஐந்தில் ஒன்றுக்கு மேலான செல்களில் விளிம்பே தெரியாமல் பாக்டீரியா அப்பியிருப்பது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் கிராம் சாயமிட்டு, பாக்டீரியா வகைகளை எண்ணிப் போடும் நியூஜென்ட் மதிப்பெண் கேட்க வேண்டும்: 0 முதல் 3 இயல்பு, 4 முதல் 6 இடைநிலை, 7 முதல் 10 வரை பி.வி. டிரைக்கோமோனாஸைத் தேடும் ஈரச் சில்லை (திரவத்தை உலராமல் வைத்த கண்ணாடிச் சில்லை) எடுத்த பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஒட்டுண்ணி அசைவை நிறுத்திவிட்டால் வெள்ளணுவிலிருந்து பிரித்தறிவது கடினம். மாதிரியை எடுத்து வைத்து மாலையில் பார்க்கும் ஆய்வகத்தில் 'டிரைக்கோமோனாஸ் இல்லை' என்று வரும் முடிவுக்கு மதிப்பு குறைவு.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பும் பழக்கம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. 'ஈ.கோலை வளர்ந்தது' என்று அறிக்கை வரும், கூடவே எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்ற பட்டியலும் வரும். ஈ.கோலையும் என்டரோகாக்கஸும் கார்ட்னெரெல்லாவும் நோயில்லாத பெண்களிலும் வளரும். அந்தப் பட்டியலைப் பார்த்துச் சாப்பிடும் ஆன்டிபயாடிக், மிச்சமிருந்த லாக்டோபேசில்லஸையும் சேர்த்து அழிக்கும். அடுத்த வாரம் பூஞ்சை வரும்.

மருந்தும், அது தோற்கும் இடமும்

பி.வி.க்கு மெட்ரோனிடசோல் முதல் மருந்தாக இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்குள் போனால்தான் அது நஞ்சாக மாறுகிறது. லாக்டோபேசில்லஸைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 500 மில்லிகிராம் காலை மாலை 7 நாள். நம் ஊரில் கிடைக்கும் மாத்திரை 400 மில்லிகிராம் என்பதால் அதையே காலை மாலை கொடுக்கிறார்கள். மாற்றாக 0.75 சதவீத ஜெல் 5 கிராம் இரவில் 5 நாள் உள்ளே வைக்கலாம், அல்லது கிளிண்டமைசின் 2 சதவீதக் களிம்பு 5 கிராம் 7 நாள். அந்தக் களிம்பு எண்ணெய்ப் பசை கொண்டது, ஆணுறையை நலியச் செய்யும். மெட்ரோனிடசோல் 2 கிராமை ஒரே வேளையில் விழுங்கும் பழைய முறை பி.வி.க்குக் குறைவாகவே பலிக்கிறது, கைவிட்டாயிற்று. நாற்றம் மூன்றாம் நாளே போய்விடும், அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது.

முழுதாகச் சாப்பிட்டாலும் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. கார்ட்னெரெல்லா யோனிச் சுவரில் ஒரு படலம் கட்டிக்கொள்கிறது, மருந்து அதன் அடிவரை போவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று கணவர். ஆண்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் ஆணுறுப்பின் தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் வாழும். இணைக்கு மருந்து கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகள் தோற்றதால் பல ஆண்டுகள் அதை யாரும் தொடவில்லை. அவற்றில் வாய்வழி மாத்திரை மட்டும் கொடுத்திருந்தார்கள், தோலில் இருந்தது அப்படியே இருந்தது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், பெண்ணுக்கு வழக்கமான மருந்தோடு, ஆணுக்கு மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையும் ஆணுறுப்பில் பூச 2 சதவீதக் கிளிண்டமைசின் களிம்பும் நாளுக்கு இருமுறை 7 நாள் கொடுத்தார்கள். 12 வாரத்தில் நோய் திரும்பியது 35 சதவீதத்தினருக்கு. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பிரிவில் 63 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். திரும்பத் திரும்ப பி.வி. வரும் பெண், அடுத்த முறை மருத்துவரிடம் கணவரையும் அழைத்துப் போவது நல்லது. சொல்லத் தயங்குகிறார்கள் என்பது தெரியும். 'இது யாருடைய நடத்தையைப் பற்றியதும் அல்ல, இரண்டு பேர் உடம்பிலும் இருக்கும் பாக்டீரியா' என்று மருத்துவரே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் உள்வைக்கும் மாத்திரை ஒன்று, அல்லது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு வேளை. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் விழுங்கக் கூடாது, க்ளோட்ரிமசோல்தான். ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அரிக்கிறது என்று ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பைத் தடவுவது அரிப்பை இரண்டு நாள் அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும்.

உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். டெட்டால், வினிகர், எலுமிச்சை, வேப்பிலைத் தண்ணீர், வாசனை வாஷ் எல்லாமே இதில் அடக்கம். வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் போதும். தயிரைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தயிரில் இருப்பவை பாலில் வாழும் இனங்கள். யோனிச் சுவரில் ஒட்டி நிலைப்பவை அல்ல. சாப்பிடுங்கள், உள்ளே பூசாதீர்கள். நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரைகளில் பெரும்பாலானவை அதே கதை. சரியான இனத்தைச் சரியான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2020இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது: மெட்ரோனிடசோல் ஜெல்லுக்குப் பிறகு 11 வாரம் கிரிஸ்பேட்டஸின் ஒரு வகையை யோனிக்குள் வைத்த பெண்களில் 30 சதவீதத்தினருக்கு 12 வாரத்துக்குள் பி.வி. திரும்பியது, வெறும் போலி மருந்து வைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு. பலன் உண்டு, அதிசயம் இல்லை. அந்த வகை நம் மருந்துக் கடையில் கிடைப்பதும் இல்லை.

பி.வி. இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் நீண்ட நாள் தங்குவதோடும் குறைப்பிரசவத்தோடும் தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில், எச்.ஐ.வி.யைத் தடுக்க யோனியில் வைக்கும் டெனோஃபோவிர் ஜெல் ஆய்வில், லாக்டோபேசில்லஸ் மிகுந்த பெண்களில் எச்.ஐ.வி. தொற்று 61 சதவீதம் குறைந்தது, மற்றவர்களில் 18 சதவீதம்தான். கார்ட்னெரெல்லா அந்த மருந்தையே உடைத்துத் தின்றது. ஆனாலும், அறிகுறி இல்லாத கர்ப்பிணிகள் எல்லோரையும் சோதித்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறைகிறதா என்று பிரான்ஸில் பெரிய அளவில் பார்த்தபோது குறையவில்லை. கர்ப்பிணிக்குத் தொல்லை இருந்தால் மருந்து உண்டு, இல்லாவிட்டால் வழக்கமாகச் சோதிக்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நின்றவர்களின் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் போனதும் கிளைக்கோஜன் குறைந்து, லாக்டோபேசில்லஸ் பட்டினி கிடந்து விலகுகிறது. வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன் 1993இல் ராஸ், ஸ்டாம் என்ற ஆய்வாளர்கள் காட்டியதை நினைக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ரியால் 0.5 மில்லிகிராம் அடங்கிய களிம்பை இரண்டு வாரம் தினம் இரவும், பிறகு வாரம் இருமுறையும் யோனியில் வைத்தார்கள். ஒரு மாதத்தில் பத்தில் ஆறு பேருக்கு லாக்டோபேசில்லஸ் திரும்பி, சராசரி பிஎச் 5.5இலிருந்து 3.8க்கு இறங்கியது. சிறுநீர்த் தொற்று, வெறும் களிம்பு வைத்தவர்களில் ஆளுக்கு ஆண்டுக்கு 5.9 முறை, இவர்களில் 0.5 முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் கலந்து வெளிப்பட்டாலோ, எந்த வயதிலும் உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலோ, அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ பிஎச் தாளைத் தேட வேண்டாம், அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம் போய்க் கருப்பைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.